62 எம்பி எக்செல் ஃபைல்: எடை எங்கே சேர்ந்தது, எப்படி இறக்குவது

கட்டட வேலை நடக்கும் ஒரு சைட்டின் மாதச் செலவுக் கணக்கு. ஐந்து ஷீட், எல்லாம் சேர்த்தாலும் 300 வரி தாண்டாது. கணக்குக்கு ஆதாரமாக மூன்று வகைக் காகிதங்களை உள்ளே சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தப் பத்திரத்தின் 3, 7, 11ஆம் பக்கங்கள். சில்லறைச் செலவுக்கான 8 பில்கள். முத்திரையும் கையெழுத்தும் உள்ள 4 கடிதங்கள். மொத்தம் 15 பக்கம்தான். ஃபைலோ 62 எம்பி. கான்ட்ராக்டர் ஆபீஸ்களிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் தினமும் கைமாறும் ஃபைல்களின் சாயலில் அமைத்த மாதிரி இது. கூட்டிப் பார்க்க எளிதாக அளவுகளை முழு எண்ணாக வைத்திருக்கிறோம்.

இந்த ஃபைல் மெயிலில் போகாது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு எல்லை 25 எம்பி. அந்த 25-ம் முழுதாகக் கிடைப்பதில்லை. இணைப்பை மெயிலுக்கு ஏற்ற எழுத்துகளாக மாற்றும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட் ஆகிவிடும். ஆகவே இணைப்பு 18 எம்பியைத் தாண்டினாலே சிக்கல் ஆரம்பம். சரி, டிரைவில் போட்டு லிங்க் அனுப்பலாமே என்றால், அது ஒரு தடவைக்குச் சரி. அடுத்த மாதக் கணக்கு இதே ஃபைலை காப்பி எடுத்துத்தான் தொடங்கும். பழைய எடையும் கூடவே வரும்.

முதலில் உள்ளே பார்க்க வேண்டும்

எடையைக் குறைக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததைச் செய்கிறார்கள். காலி வரிகளை நீக்குவார்கள், ஃபைலை ஜிப் போடுவார்கள், எக்ஸ்எல்எஸ்பி என்ற எக்செலின் பைனரி வடிவில் சேமித்துப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் அததற்கான இடம் உண்டு; இந்த ஃபைலில் மூன்றும் பயன்படாது. ஏன் என்பது உள்ளே பார்த்தால் புரியும்.

2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பதே ஒரு ஜிப் பொட்டலம். ஃபைலை ஒரு காப்பி எடுங்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி தெரியும்படி வைத்துக்கொண்டு, காப்பியின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற வாலை ஜிப் என்று மாற்றித் திறங்கள். செவன்ஜிப் (ஜிப் திறக்கும் இலவச மென்பொருள்) இருந்தால் பெயர் மாற்றக்கூட வேண்டாம். ரைட் கிளிக் செய்து ஆர்க்கைவாகத் திறந்துவிடலாம். திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்கும் ஃபைல் இப்படித் திறக்காது. மறையாக்கம் செய்ததும் அது வேறு வகைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டுச் சேமித்த பிறகுதான் பார்க்க முடியும்.

உள்ளே எக்ஸ்எல் என்ற ஃபோல்டரில் மூன்று துணை ஃபோல்டர்களைக் கவனித்தால் போதும். ஒர்க்‌ஷீட்ஸ் என்பதில் கணக்கு இருக்கும். மீடியாவில் படங்கள். எம்பெடிங்ஸில் ஆப்ஜெக்டாகச் செருகிய முழு ஃபைல்கள். நம் மாதிரியில் ஒர்க்‌ஷீட்ஸ் 100 கேபிகூட இல்லை. மீடியா 44 எம்பி, எம்பெடிங்ஸ் 18 எம்பி. கணக்கு என்று பார்த்தால் அந்த ஃபைலில் தூசி அளவுதான், மிச்சமெல்லாம் காகிதம்.

காலி வரி நீக்குவதும் எக்ஸ்எல்எஸ்பியும் ஒர்க்‌ஷீட்ஸ் ஃபோல்டரைத்தான் சுருக்கும். ஒர்க்‌ஷீட்ஸ் பல எம்பி இருந்தால் கன்ட்ரோல் எண்ட் அழுத்தி, கடைசிச் செல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணக்கு 300ஆம் வரியில் முடிய, கர்சர் பத்து லட்சத்துச் சொச்சமாவது வரிக்குப் போனால் அந்த வைத்தியம் சரி. இங்கே அது இல்லை. மறுபடி ஜிப் போடுவதும் வீண். ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் எல்லாம் ஏற்கெனவே சுருக்கியவை, வெளியே இருப்பதும் ஜிப்தான். பிழிந்த துணியைத் திரும்பப் பிழிந்தால் தண்ணீர் வராது.

ஒப்பந்தப் பத்திரம்: மூன்று பக்கம் கேட்டதற்கு 36 பக்கம்

எம்பெடிங்ஸில் இருந்த 18 எம்பி முழுவதும் இந்த ஒரு பத்திரம்தான். ஒப்பந்தம் 12 பக்கம். கலரில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தது, 6 எம்பி. சேர்த்தவர் இன்செர்ட், ஆப்ஜெக்ட், கிரியேட் ஃப்ரம் ஃபைல் என்று போய் டிஸ்ப்ளே அஸ் ஐகான் டிக் போட்டிருக்கிறார். ஐகானுக்கு ‘பக்கம் 3’ என்று பெயர். அதேபோல ‘பக்கம் 7’, ‘பக்கம் 11’. பார்வைக்கு மூன்று சின்ன ஐகான்கள். உண்மையில் ஒவ்வொரு ஐகானுக்குப் பின்னாலும் 12 பக்கப் பத்திரம் முழுதாக இருக்கிறது. ஆப்ஜெக்டாகச் செருகும்போது பக்கம் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. போனால் முழு ஃபைலும் போகும். ஒரே ஃபைலை மூன்று தடவை செருகினால் மூன்று தனிப் பிரதிகள்தான் சேரும். ஒரு ஐகானை காப்பி செய்து அடுத்த ஷீட்டில் ஒட்டினாலும் அப்படியே.

ஐகான் வைத்தால் எடை குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஐகான் வேண்டாம் என்று விட்டால், செருகிய ஃபைலோடு அதன் முதல் பக்கத்தின் முன்னோட்டப் படமும் ஈஎம்எஃப் என்ற விண்டோஸ் பட வடிவில் மீடியாவில் சேரும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அந்த முன்னோட்டமே கனக்கும், ஏனென்றால் ஈஎம்எஃப்புக்குள் படம் பெரும்பாலும் சுருக்காத பிட்மேப்பாக உட்காருகிறது. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல். கலரில் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 26 எம்பி. வெளியே இருக்கும் ஜிப் அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஐகான் வைத்தால் இந்த முன்னோட்டச் சுமை போகும். உள்ளே இருக்கும் ஃபைலின் எடை அப்படியே நிற்கும். லிங்க் டு ஃபைல் என்று டிக் போட்டால் ஃபைல் உள்ளே வராது என்பது உண்மை. ஆனால் நம் கணினியின் முழுப் பாதையை அது பிடித்துக்கொள்வதால் பெறுபவர் கணினியில் திறக்காது.

வேர்டு டாக்குமென்டிலும் இதே கதை. ஆப்ஜெக்டாகச் செருகினால் ஒரு பக்கம்தான் தெரியும். ஐந்து பக்கம் தெரிய வேண்டும் என்று ஐந்து தடவை செருகுபவர்கள் உண்டு. உள்ளே ஐந்து முழு டாக்குமென்ட் சேரும், அதிலுள்ள லெட்டர்ஹெட் படங்களோடு.

எடையைவிடக் கவலை தர வேண்டியது வேறொன்று. மூன்று பக்கம் காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒப்பந்தம் முழுவதையும் அனுப்புகிறோம். ஐகானை இரண்டு தடவை தட்டினால் விலைப் பட்டியல், வங்கிக் கணக்கு எண், அபராத விதி எல்லாம் திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளியே போகும் ஒர்க்புக்கில் ஆப்ஜெக்டாகப் பக்கம் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்போம்.

சரியான வழி எளிது. தேவையான மூன்று பக்கங்களை மட்டும் படமாக எடுத்து, படமாகவே செருக வேண்டும். 150 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயல் (கிரேஸ்கேல்). ஏ4 பக்கம் அப்போது 1240க்கு 1754 பிக்சல். எந்த பிடிஎஃப் மென்பொருளிலும் படமாக ஏற்றுமதி செய்யும் இடத்தில் இந்த டிபிஐயைக் கொடுக்கலாம். முழுப் பத்திரமும் எதிர்த்தரப்புக்கு வேண்டும் என்றால் அது தனி இணைப்பாகப் போகட்டும்.

பில்கள்: ஒரு டிக் செய்த வேலை

மீடியாவில் இருந்த 44 எம்பியில் 32 எம்பி எட்டு பில்கள். செல்போனில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 3000க்கு 4000 பிக்சல், சுமார் 4 எம்பி. ஷீட்டில் செருகி, மூலையைப் பிடித்து இழுத்து, 3 அங்குலத்துக்கு 4 அங்குலமாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். இழுத்தது காட்சியை மட்டும்தான் சுருக்கும். பிக்சல் ஒன்றுகூடக் குறையாது. 3 அங்குலத்தில் 3000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 1000. எந்த ஆபீஸ் பிரிண்டரிலும் தாளில் தெரியாத நுணுக்கம்.

எக்செல் இதைத் தானாகவே குறைத்திருக்க வேண்டுமே? ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே டிஃபால்ட் ரெசல்யூஷன் 220 பிபிஐ (அங்குலத்துக்கு 220 பிக்சல்) என்று இருந்தால், சேமிக்கும்போது படத்தை அந்த அளவுக்கு இறக்கிவிடும். 3 அங்குலப் படம் 660 பிக்சல் அகலத்தோடு நின்றிருக்கும். ஆனால் இந்த ஃபைலில் யாரோ ‘டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதில் டிக் போட்டிருக்கிறார்கள். பில் மங்கலாகத் தெரிகிறதே என்று ஒருநாள் போட்டதாக இருக்கலாம். இந்த அமைப்பு கணினிக்கு அல்ல, அந்தந்த ஒர்க்புக்குக்கு உரியது. அதனால்தான் மாதாமாதம் ஃபைலை காப்பி எடுக்கும்போது டிக்கும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஹை ஃபிடெலிட்டி என்று வைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். புது மாதக் கணக்கைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பில்லுக்கு நாங்கள் சொல்லும் அளவு 200 பிபிஐ. 80 மில்லிமீட்டர் தெர்மல் ரோலில் அடித்த பில் அசலிலேயே 3 அங்குலச் சொச்சம் அகலம்தான். எனவே சுற்றியுள்ள மேஜையை வெட்டிவிட்டு, சாயலைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலத்தை 600 பிக்சலுக்கு இறக்கி, ஜேபெக் தரம் 70-இல் சேமித்தால் ஒரு பில் பெரும்பாலும் 100 கேபிக்குள் வந்துவிடும். எட்டுக்கும் சேர்த்து 0.8 எம்பி. இர்ஃபான்வியூ என்ற பட மென்பொருளில் பேட்ச் கன்வர்ஷன் என்ற இடத்தில் எட்டையும் ஒரே தடவையில் செய்யலாம். வெட்டுவதை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டியிருக்கும்.

வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக வந்த பில் ஏற்கெனவே சுருங்கித்தான் வந்திருக்கும். டாக்குமென்டாக வந்தது முழு அளவில் இருக்கும். இரண்டும் கலந்து கிடக்கும் ஃபோல்டரில் ஃபைல் அளவைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டால் எதைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும். தெர்மல் பில் சில மாதங்களில் வெளுத்துப் போகும் என்பதால் முழு அளவு போட்டோவை அழித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.

கடிதங்கள்: புள்ளி நிற்க வேண்டும்

மிச்சம் 12 எம்பி நான்கு கடிதங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் திறந்து, ஸ்னாப்ஷாட் கருவியால் பக்கத்தை வளைத்து, எக்செலில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய படம் பிஎன்ஜி வடிவில் சேர்ந்திருக்கிறது, ஒன்று 3 எம்பி வீதம்.

பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம். ஒரே நிறம் தொடர்ச்சியாக இருந்தால் அதற்கு நன்றாகச் சுருங்கும். கணினியில் நேரடியாக உருவான பக்கத்தில் வெள்ளை என்றால் சுத்த வெள்ளை. அத்தகைய பக்கம் 100 கேபிக்கும் கீழே இறங்கும். ஸ்கேன் செய்த தாளில் வெள்ளை என்று நாம் நினைப்பது ஆயிரம் விதமான வெளிர் மஞ்சளும் சாம்பலும். தாளின் நார், மடிப்பின் நிழல், பின்பக்க எழுத்தின் சாயல் எல்லாவற்றையும் பிஎன்ஜி ஒன்று விடாமல் எழுதி வைக்கிறது. 3 எம்பியில் பெரும்பங்கு வெற்றுத் தாளின் படம். எழுத்து அதில் கொஞ்சம்தான்.

அதனால் இங்கே முதல் வேலை தாளை வெளுப்பது. இர்ஃபான்வியூவின் கலர் கரெக்‌ஷன்ஸிலோ வேறு எந்தப் பட மென்பொருளின் லெவல்ஸ் கருவியிலோ பின்னணி சுத்த வெள்ளையாகும் வரை ஏற்றுங்கள். மெல்லிய எழுத்து உடைய ஆரம்பித்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். பிறகு 150 டிபிஐக்கு இறக்கி, சாம்பல் சாயலை 16 படிகளாகக் குறையுங்கள். பிக்சலுக்கு 24 பிட் இருந்த இடத்தில் 4 பிட் போதும். சுருக்குவதற்கு முன்பே ஒரு பக்கம் 6.5 எம்பியிலிருந்து 1.1 எம்பியாகிவிடுகிறது, பிஎன்ஜியாகச் சுருக்கியதும் சாதாரண டைப் கடிதம் 200 கேபி அளவில் நிற்கும்.

150-க்குக் கீழே போக வேண்டாம் என்பதற்குத் தமிழில் தனிக் காரணம் இருக்கிறது. 10 பாயின்ட் எழுத்தின் முழு உயரம் 96 டிபிஐயில் 13 பிக்சல்தான். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல் மிஞ்சினால் பெரிது. ‘தர’ என்பதும் ‘தர்’ என்பதும், ‘ரி’யும் ‘ரீ’யும் ஒன்றுபோல ஆகிவிடும். ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் இது வந்தால் பெயரே மாறிப் படிக்கும். 150 டிபிஐயில் உயரம் 21 பிக்சல் ஆகிறது. புள்ளி புள்ளியாகவே நிற்கும். ஆங்கிலக் கடிதத்துக்கு 96 போதும் என்று சொல்லும் குறிப்புகளைத் தமிழ்ப் பக்கத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 8 பாயின்ட்டில் அடித்த அடிக்குறிப்பு இருந்தால் 200 வையுங்கள்.

முத்திரையின் ஊதாவும் கையெழுத்தின் நீலமும் தெரிந்தாக வேண்டும் என்றால் சாம்பலாக்காமல் 16 நிறமாகக் குறைக்கலாம். தாள் வெளுத்த பிறகு மிச்சம் இருப்பது கறுப்பும் நீலமும் ஊதாவும்தான். 16 நிறம் தாராளம். அளவு சற்றுக் கூடும்.

பக்கத்தின் தோற்றம் வேண்டாம், உள்ளே இருக்கும் அட்டவணை மட்டும் போதும் என்ற நிலையில் படமே தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 365-இல் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் பிடிஎஃப் என்று எண்களையே இறக்கிக்கொள்ளலாம். எழுத்தாக உள்ள பிடிஎஃப்புக்குத்தான் இது வரும், ஸ்கேனுக்கு வராது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் இப்படி எடுத்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். அங்கே படம்தான் வழி.

செருகும் வரிசை

தயாரான படங்களை இன்செர்ட், பிக்சர்ஸ் வழியாகச் செருகுங்கள். காப்பி செய்து ஒட்டினால் கிளிப்போர்டு வழியாகப் படம் வேறு வடிவமாக மாறி, குறைத்த நிறமெல்லாம் 24 பிட்டுக்கே திரும்பிவிடலாம். ஏற்கெனவே ஷீட்டில் இருக்கும் படத்தின் இடத்தை இழக்காமல் மாற்ற, அதன் மேல் ரைட் கிளிக் செய்து சேஞ்ச் பிக்சர் கொடுக்கலாம்.

ஏ4 அகலத்துக்குத் தயாரித்த 150 டிபிஐ படத்தை ஷீட்டில் பாதியாகச் சுருக்கி வைத்தால் அது 300 பிபிஐ ஆகிறது. 220 எல்லையைத் தாண்டியதால் எக்செல் அதை எடுத்துத் தன் கணக்கில் மறுபடி எழுதும். அப்போது 16 படி சாயல் போய், பிக்சல் குறைந்தும் ஃபைல் கூடிவிடலாம். எந்த அளவில் காட்டப் போகிறீர்களோ அந்த அளவுக்கே படத்தைத் தயாரியுங்கள்.

வெளியே தயாரிக்க நேரமில்லாதவர்கள் பிக்சர் ஃபார்மட்டில் உள்ள கம்ப்ரஸ் பிக்சர்ஸை மட்டும் நம்பலாம். இந்த மாதிரியில் பில்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். முதலில் படத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவந்து கிராப் செய்யுங்கள். பிறகு கம்ப்ரஸ் பிக்சர்ஸில் ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ டிக்கை எடுத்துவிட்டு, ‘டிலீட் கிராப்ட் ஏரியாஸ்’ டிக்கைப் போட்டு, 150 அல்லது 220 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சுருக்கிய பின் படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். போன பிக்சல் திரும்பாது. ஆகவே காப்பியில் செய்யுங்கள். ஆப்ஜெக்டாகச் செருகிய ஃபைலையும் ஈஎம்எஃப் முன்னோட்டத்தையும் இந்தப் பொத்தான் தொடாது. ‘கம்ப்ரஸ் பண்ணியும் குறையவில்லையே’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

டிலீட் கிராப்ட் ஏரியாஸைத் தவற விடாதீர்கள். கிராப் செய்தது கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. பெறுபவர் அதே கிராப் கருவியை இழுத்தால் மறைத்த ஆதார் எண்ணும் அக்கவுன்ட் எண்ணும் வெளியே வரும்.

ஒர்க்புக்குக்கு வெளியே இருக்க வேண்டியவை

முழு ஒப்பந்தம், முழு அளவு பில் போட்டோ ஆகியவற்றை ஒர்க்புக்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, வவுச்சர் எண் இருக்கும் செல்லிலிருந்து ஹைப்பர்லிங்க் கொடுப்பது நல்ல ஏற்பாடு. கன்ட்ரோல் கே வழியாகக் கொடுத்த லிங்க்குகள், எக்செல் முடங்கி மீட்டெடுத்த பிறகு, சில சமயம் ஆப்டேட்டா ஃபோல்டரைச் சுட்டும்படி மாறிவிடும். ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவில் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் மட்டும் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஃபைல் பெயரில் ஹாஷ் குறி இருக்கக் கூடாது. லிங்க் அங்கேயே அறுந்துவிடும். வவுச்சர் எண்ணையே பெயராக, 014, 015 என்று வைத்தால் போதும். அனுப்பும்போது ஒர்க்புக்கும் ஃபோல்டரும் ஒரே ஜிப்பில் போக வேண்டும். பெறுபவர் ஜிப்பை முழுதாகப் பிரித்த பிறகுதான் ஒர்க்புக்கைத் திறக்க வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்தே திறந்தால் அது தற்காலிக ஃபோல்டரில் திறப்பதால் ஒரு லிங்க்கும் வேலை செய்யாது. இதை மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரிபார்த்தல்

ஒப்பந்தத்தின் மூன்று பக்கம் 0.6 எம்பி, எட்டு பில் 0.8, நான்கு கடிதம் 0.8. கணக்கோடு சேர்த்து 2.3 எம்பி. எம்பெடிங்ஸ் ஃபோல்டரே இருக்கக் கூடாது. சேமித்த ஃபைலை மறுபடி ஜிப்பாகத் திறந்து மீடியாவை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். 300 கேபிக்கு மேல் ஏதாவது நின்றால் அது எந்த டிராயிங்கில் இருக்கிறது என்று டிராயிங்ஸ் ஃபோல்டருக்குள் உள்ள ரெல்ஸ் ஃபைல்கள் (எது எதோடு இணைந்தது என்ற பட்டியல்கள்) சொல்லும்; அந்த டிராயிங் எந்த ஷீட்டுக்கு உரியது என்பதை ஒர்க்‌ஷீட்ஸ் ஃபோல்டருக்குள் உள்ள ரெல்ஸ் ஃபைல்கள் சொல்லும். நோட்பேடில் திறந்து படத்தின் பெயரைத் தேடலாம். ஷீட்டுக்குப் போய் ஆல்ட் எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேனில் எல்லாப் படமும் பட்டியலாக வரும், மறைத்து வைத்தவையும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக் கிடப்பவையும் சேர்த்து. போன மாத பில்லின் படம் இந்த மாத பில்லுக்கு அடியில் கிடப்பது இங்கேதான் தெரியவரும்.

அவசரத்துக்கு ஜிப்புக்குள்ளேயே படத்தை மாற்றலாம். செவன்ஜிப் ஜன்னலில், அதே பெயரும் அதே வடிவமும் உள்ள சிறிய படத்தை இழுத்துப் போட்டால் எக்செல் ஏற்றுக்கொள்ளும். பெயரோ வடிவமோ மாறினால் படம் தெரியாமல் போகலாம், அல்லது ஃபைலைச் சரிசெய்யவா என்று எக்செல் கேட்கலாம். ஃபோல்டரைப் பிரித்து மறுபடி ஜிப் செய்பவர்கள், உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்ய வேண்டும். வெளி ஃபோல்டரோடு சேர்த்துச் செய்தால் எக்செல் திறக்கவே மறுக்கும்.